கைமாற்று

2013 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த வீடியோ கேம் கண்காட்சியை ஒட்டி சோனி நிறுவனம் ஒரு சின்ன வீடியோவை வெளியிட்டது. மொத்தமே 22 விநாடி. பிளேஸ்டேஷன் 4 வாங்கப்போகிறவர்கள் தங்கள் கேம்களை இன்னொருவருக்குக் கொடுப்பது எப்படி என்று அது விளக்குகிறது. முதல் படி என்று திரையில் எழுத்து வருகிறது. ஒருவர் தன் கையிலிருக்கும் கேம் பெட்டியை எதிரில் நிற்பவரிடம் நீட்டுகிறார். அவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். இரண்டாவது படி கிடையாது.

கிண்டல் மைக்ரோசாஃப்டுக்கு. சில நாள் முன்புதான் அந்த நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் ஒன் பற்றிய விதிகளை அறிவித்திருந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷின் இணையத்தோடு தொடர்புகொண்டாக வேண்டும். டிஸ்க் உங்கள் கையிலேயே இருந்தாலும், அதை ஒருவருக்குக் கொடுப்பதென்றால் அவர் உங்கள் நண்பர் பட்டியலில் குறைந்தது 30 நாள் இருந்திருக்க வேண்டும். ஒரு கேமை ஒரேயொரு முறைதான் அப்படிக் கொடுக்கலாம். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் இந்த விதிகளைத் திரும்பப் பெற்றது.

வீடியோ கேம்கள் டிஸ்க்கிலிருந்து டவுன்லோடுக்கு மாறிய கதையைச் சொல்கிறவர்கள் அந்த 22 விநாடியை விடாமல் குறிப்பிடுவார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் என் கண் அந்தக் கைகளின் மேல்தான் போகிறது. அவை ஆடம் பாய்ஸ், ஷுஹேய் யோஷிடா இருவரின் கைகள். இருவரும் அந்த நிறுவனத்தின் அதிகாரிகள், இருவரும் ஆண்கள். அதில் குற்றம் கண்டுபிடிக்க நான் வரவில்லை. நடப்பதைத்தான் காட்டியிருக்கிறார்கள். கேம் ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணுக்குப் போகும். எங்கள் தெருவிலும் அப்படித்தான் போனது.

தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் அதை டிவி கேம் என்று சொல்வோம். நிண்டெண்டோ மெஷினைப் பார்த்துச் செய்த மலிவான நகல். கேசட்டின் மேல் 9999 இன் 1 என்று போட்டிருக்கும். உள்ளே பத்துப் பதினைந்து கேம்தான் பெயர் மாறி மாறி வரும். (எல்லாம் திருட்டுப் பிரதி. அவற்றைச் செய்தவர்களுக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு பைசாகூடப் போயிருக்காது. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் புகழ்வது நேர்மையில்லை.) அண்ணன் ஒரு கேசட்டைப் பக்கத்துத் தெருப் பையனிடமிருந்து வாங்கி வருவான், இரண்டு நாளில் அதை வேறொன்றுக்கு மாற்றிவிடுவான். அந்த இரண்டு நாளில் அவன் டியூஷன் போகிற ஒன்றரை மணி நேரம் என்னுடையது. நானும் எதிர்வீட்டுப் பெண்ணும் ‘காண்ட்ரா’ ஆடியதெல்லாம் அந்த நேரத்தில்தான். வாங்கியவன் யார், ஆடுகிறவள் யார் என்று கேசட் கேட்கவில்லை. சொருகினால் ஓடியது.

எங்கள் அம்மாக்களிடம் கைமாத்து என்று ஒன்று இருந்தது. நோட்டில் எழுதாத, வட்டி கேட்காத, வீட்டு ஆண்களுக்குப் பெரும்பாலும் தெரியாத சிறுகடன். மாதக் கடைசியில் நூறு ரூபாய் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். அங்கிருந்து மூன்றாவது வீட்டுக்குப் போகும். எப்போதாவது சுற்றிக்கொண்டு வந்து சேரும். கேசட்டும் என்னிடம் அப்படித்தான் வந்தது. வாடிக்கையாளர் பட்டியலில் இல்லாத ஒருத்திக்கு, விளம்பரம் எதிலும் முகம் காட்டாத ஒருத்திக்கு, ஒரு பொருள் பல கைகள் தாண்டி வந்து சேர்ந்தது. டிஸ்க்கா டவுன்லோடா என்கிற விவாதத்தில் நான் கேட்க விரும்புவது இதைத்தான். பொருள் கைமாறுமா? மாறினால் யார் கை வரைக்கும் போகும்?

இப்படிச் சொல்வதால் நான் பெட்டியை நினைத்து உருகுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அலமாரி நிறையப் பெட்டிகளை அடுக்கி வைத்துப் படம் எடுத்துப்போடும் ஆண்களின் துக்கம் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. பெட்டி எங்களை ஒளித்து வைத்த இடமும்கூட.

1986இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘மெட்ராய்டு’ கேமில் கவச உடையோடு விண்வெளி உயிர்களைச் சுடும் வீரரின் பெயர் சாமஸ். ஆங்கிலப் பதிப்போடு வந்த கையேடு சாமஸை அவன் என்றே சொன்னது. கேமை விரைவாக முடித்தால் கடைசியில் தலைக்கவசம் கழன்று அது ஒரு பெண் என்று தெரியும். இன்னும் விரைவாக முடித்தால் உடையும் குறையும். கையேட்டில் மறைக்கப்பட்ட பெண், நன்றாக ஆடியவனுக்குப் பரிசாக உடை குறைத்துக் காட்டப்பட்டாள். ‘முதல் பெண் நாயகி’ என்று இந்தக் கேமைக் கொண்டாடும்போது இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறோம்.

‘மாஸ் எஃபெக்ட்’ வரிசையில் தளபதி ஷெப்பர்டு ஆணா பெண்ணா என்பதை ஆடுகிறவர்தான் முடிவு செய்வார். பெண் ஷெப்பர்டுக்கு ஜெனிஃபர் ஹேல் கொடுத்த குரலுக்குப் பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. ஆனால் 2007இல் வந்த முதல் பாகத்தின் அட்டையிலும் அடுத்த பாகத்தின் அட்டையிலும் ஆண் ஷெப்பர்டுதான். 2012இல் மூன்றாவது பாகம் வந்தபோது அவளுக்கும் இடம் கொடுத்தார்கள். எங்கே தெரியுமா? அட்டைத் தாளின் பின்பக்கத்தில். பெட்டியைத் திறந்து, தாளை உருவி, திருப்பிச் சொருகினால் அவள் வெளியே தெரிவாள். வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ள வேண்டிய வேலை. கடை அலமாரியில் அவளுக்கு இடமில்லை. அடுத்த வருடம் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வந்தது. அட்டையில் எல்லி என்கிற சிறுமியைப் பின்பக்கம் தள்ளச் சொன்னார்கள் என்றும், தாங்கள் மறுத்துவிட்டதாகவும் அதைத் தயாரித்த நாட்டி டாக் தரப்பிலேயே சொன்னார்கள். மறுத்ததே செய்தியானது என்றால் வழக்கம் என்னவாக இருந்தது என்று புரியும்.

பெட்டி கடைக்காக அச்சாகிறது. கடையில் இடம் குறைவு. அந்தக் குறைந்த இடத்தில் எது நிற்கலாம் என்பதை, பையன்கள்தான் வாங்குவார்கள் என்று நம்பியவர்கள் முடிவு செய்தார்கள். அவர்கள் முடிவு செய்த பிறகு பையன்கள்தான் வாங்கினார்கள்.

கடை அலமாரி இப்படி இறுகிப்போவதற்கு முன்னால் இருந்த காலமும் உண்டு. 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸ் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ‘மிஸ்டரி ஹவுஸ்’ கேமை யோசித்து வரைந்தார். கணவர் கென் நிரல் எழுதினார். ஆப்பிள் 2 கணினிக்கான அந்த ஃபிளாப்பியை, பிரதி எடுத்த ஒரு தாளோடு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றார்கள். படங்களோடு கூடிய சாகசக் கேம்கள் என்ற வகையே அங்கிருந்துதான் கிளம்பியது. அட்டை இல்லை, அட்டையில் யாரைப் போடுவது என்ற கேள்வியும் இல்லை. 1987இல் அந்தக் கேம் பொதுவுடைமையாக்கப்பட்டது. அதனால் இன்றும் யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், ஆடலாம், இன்னொருத்திக்கு அனுப்பலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

எல்லாப் பெண்களின் வேலைக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில் சிறுமிகளுக்கான சிடி-ராம்கள் என்று ஒரு சின்ன அலை வந்தது. பிரெண்டா லாரலின் பர்ப்பிள் மூன் 1997இல் தன் முதல் கேம்களை வெளியிட்டு 1999இல் மூடப்பட்டது. பார்பி பொம்மை செய்யும் மேட்டல் அதை வாங்கிக்கொண்டது. தெரசா டங்கன் 1995க்கும் 1997க்கும் இடையில் மூன்று சிடிகள் செய்தார். முதலாவது ‘சாப் சூயி’, மோனிகா கெஸ்யூவோடு சேர்ந்து செய்தது. ஒஹாயோவில் ஒரு சிற்றூர்; லிலி, ஜூன் என்று இரண்டு சகோதரிகள்; அவர்கள் ஊரைச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஜெயிக்க ஒன்றுமில்லை, தோற்கவும் ஒன்றுமில்லை. ஒரு விடுமுறை நாளில் இரண்டு சிறுமிகளின் மனம் எங்கெல்லாம் அலையுமோ அங்கெல்லாம் நாமும் அலையலாம். அதை ஆடியபோது, எங்கள் தெருவில் ‘காண்ட்ரா’வுக்குப் பதில் இது வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நான் அதை ஆடியது 2015க்குப் பிறகு. 2007இல் டங்கன் இறந்தபோது அந்த சிடிகள் புதிய கணினிகளில் ஓடாத நிலைக்குப் போய்க்கொண்டிருந்தன. நியூயார்க்கின் ரைசோம் என்ற டிஜிட்டல் கலை அமைப்பு நிதி திரட்டி, பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள் அமைப்பின் வழியாக, மூன்றையும் 2015இல் பிரவுசரில் ஆடும்படி செய்தது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொழில்நுட்பத்தை வியக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது, காப்பாற்றுவதற்கு ஒரு சிடி மிஞ்சியிருந்தது என்பது. உள்ளே இருப்பதெல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தது. எந்த சர்வரும் வந்து ‘நீ யார்’ என்று கேட்கவில்லை.

டிஜிட்டலை நான் முதலில் வெறுக்கவில்லை. கல்லூரி நாட்களில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேம் சிடி கேட்டபோது, ‘யாருக்கும்மா, தம்பிக்கா?’ என்றார் கடைக்காரர். ஆமாம் என்று பொய் சொன்னேன். அடுத்த முறை போனபோது தம்பிக்குப் பிடித்ததா என்று விசாரித்தார். நல்ல மனிதர். ஆனால் எனக்கில்லாத அந்தத் தம்பியை இரண்டு வருடம் வளர்க்க வேண்டியிருந்தது. ஆன்லைனில் வாங்கத் தொடங்கியபோது தம்பி செத்துப்போனான். இரவு பதினொரு மணிக்கு, சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு கேமை வாங்கிய முதல் நாள் எனக்கு நினைவிருக்கிறது.

செய்கிற பெண்களுக்கும் அது கதவைத் திறந்தது. 2009இல் கிரிஸ் கிளைமாஸ் உருவாக்கிய ட்வைன் என்ற இலவசக் கருவி வந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதில் கதைக் கேம் செய்யலாம். பெண்கள், திருநங்கைகள், கடை அலமாரி ஒருநாளும் அழைத்திராதவர்கள் அதில் எழுதினார்கள். மனச்சோர்வைப் பற்றி, உடலைப் பற்றி, வீட்டு வன்முறையைப் பற்றி எழுதினார்கள். ஆனா ஆன்த்ரோபி 2012இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதன் வாதம், வீடியோ கேமும் கைப்பிரதிச் சிற்றிதழைப் போல யாரும் செய்யக்கூடிய ஒன்றாக வேண்டும் என்பது. 2013இல் ஸோயி குவின் ‘டிப்ரெஷன் குவெஸ்ட்’டை வெளியிட்டார். அடுத்த வருடம் அவர் மேல் தொடங்கிய கூட்டு வசை கேமர்கேட் என்று பெயர் பெற்று, இந்தத் துறையில் எழுதிய, பேசிய பல பெண்களைத் துரத்தியது. சிலர் வீட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. கடைக்காரரின் அனுமதி இல்லாமல் உள்ளே வந்துவிட்டார்கள் என்பதுதான் அந்தக் கோபத்தின் அடி என்று நான் நினைக்கிறேன்.

கதவு திறந்தது உண்மை. பட்டா யார் பெயரில் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது பிந்திவிட்டது.

கல்யாணமான புதிதில் ஒரு கன்சோல் வாங்கினோம். பிறகு அதற்கடுத்த மாடல். இருவர் சம்பளமும் சேர்ந்த பணம். கடையில் கணக்கு அவர் மின்னஞ்சலில் தொடங்கப்பட்டது. அன்று போன் அவர் கையில் இருந்தது, வேறு காரணம் இல்லை. பழைய ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஒரு பெயர் யோசிக்காமல் நிரப்பப்படுமே, அதுபோல. எட்டு வருடத்தில் அதில் நாற்பதுக்கு மேல் கேம்கள் சேர்ந்தன. பாதிக்கு மேல் நான் தேர்ந்தெடுத்து, என் கார்டில் பணம் கட்டியவை.

2024இல் பிரிந்தோம். உட்கார்ந்து பட்டியல் போட்டோம். குக்கர், கிரைண்டர், புத்தக அலமாரி, அம்மா கொடுத்த பித்தளைக் குடம். கேம் டிஸ்க்குகள் ஏழு இருந்தன. நான்கு எனக்கு, மூன்று அவருக்கு. பழைய கன்சோல் எனக்கு. ஐந்து நிமிஷ வேலை. கணக்கிலிருந்த நாற்பதைப் பிரிக்க வழியே இல்லை. வங்கி ரசீதுகளை இணைத்துக் கடைக்கு எழுதினேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே பேச இயலும் என்று மிகவும் மரியாதையான பதில் வந்தது. அவர் கெட்டவரில்லை. ‘பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமே, நீயும் வைத்துக்கொள்’ என்றார். பிரிந்து வந்த பிறகும் அவர் பெயரில் உள்ளே நுழைந்து, நான் எத்தனை மணிக்கு எதை ஆடுகிறேன் என்று அவருக்குத் தெரியும்படி ஆட எனக்கு மனமில்லை.

அப்படிப் போனவற்றில் ‘வெண்பா’வும் ஒன்று. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின். வெண்பாவிடம் அம்மா வழி வந்த ஒரு சமையல் நோட்டு இருக்கிறது. பக்கம் கிழிந்திருக்கிறது, மசி கலைந்திருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எது முதலில் என்று, மிச்சமிருக்கும் எழுத்தையும் சொந்த அனுபவத்தையும் வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2024இல் அது பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருதைப் பெற்றது. எனக்கு அதன்மேல் ஒரு வருத்தம் உண்டு. ஆசிரியையாக இருந்த வெண்பாவை அடுப்படிக்கு வெளியே இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். அம்மாவின் அருமை மகனுக்குப் புரிவதில் கதை போய் நிற்கிறது, அது நமக்குப் பழகிய இடம். ஆனால் அந்த நோட்டு என்னை விடவில்லை. ஒருத்தி எழுதி இன்னொருத்தி கையில் கொடுத்தது, எண்ணெய்க் கறை படிந்து, பாதி அழிந்து, அப்படியும் வந்து சேர்ந்தது. அதைப் பற்றிய கேமை நான் யார் கையிலும் கொடுக்க முடியாது. அம்மாவுக்கு ஆடிக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

மறுபடி வாங்கினேன், என் பெயரில். தோழிகள் சொன்னதும் அதைத்தான்: ‘ஆரம்பத்திலேயே உன் பேர்ல வச்சிருக்கணும்டி.’ நகையைப் பற்றி, நிலத்தைப் பற்றி, வங்கிக் கணக்கைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் அதே அறிவுரை. சரியான அறிவுரைதான். இதைப் படிக்கும் மாணவிகளுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் இந்த விஷயத்தில் அது பாதித் தூரம்தான் வரும். என் பெயரில் இருப்பதும் என்னுடையது ஆகிவிடவில்லை.

டிஜிட்டல் கடையில் வாங்கு என்ற பொத்தானை அழுத்தும்போது நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம். ஸ்டீம் தன் ஒப்பந்தத்தில் கணக்கை விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. நான் இறந்தால் என் புத்தகங்கள் யாருக்காவது போகும். என் கேம்கள் போகாது. உரிமத்தை விற்றுவிட்டு ‘வாங்கு’ என்ற சொல்லை வெறுமனே போடக்கூடாது, இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்பே ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டது. நேர்மையான வரி. வாடகை வீட்டுக்கு வாசலில் ‘வாடகை வீடு’ என்று பலகை மாட்டியது போல. குடியிருப்பவளின் நிலை மாறவில்லை.

வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்வது எப்படி இருக்கும் என்று பார்த்தும் விட்டோம். நிண்டெண்டோ 2023 மார்ச்சில் தன் இரண்டு பழைய மெஷின்களுக்கான ஆன்லைன் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ கார்ப் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. தனியாக ஆடுவதற்கும் அதில் சர்வர் வேண்டும். எனவே டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது போய்விட்டது. இந்தக் கோபத்திலிருந்துதான் ராஸ் ஸ்காட் என்பவர் ‘கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அதன் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன. 2025இல் வந்த ஸ்விட்ச் 2 மெஷினுக்கு விற்கப்படும் சில கார்டுகளில் கேமே இல்லை. சொருகிய பிறகு டவுன்லோடு செய்ய வேண்டும். கார்டை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், ஆனால் சர்வர் இருக்கும்வரைதான் அது கார்டு. 22 விநாடி வீடியோவில் பெட்டியைக் கைமாற்றிக் காட்டிய சோனியே 2020இல் டிஸ்க் போடும் இடமில்லாத ஒரு மெஷினையும் சேர்த்து விற்கத் தொடங்கியது.

டிஸ்க் என்றால் நம்முடையது, டவுன்லோடு என்றால் அவர்களுடையது என்று கோடு போட முடியாமல் போவது இதனால்தான். ட்வைனில் செய்த ஒரு கதைக் கேம் முழுக்க டிஜிட்டல். ஆனால் அது ஒரு ஃபைல். பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம், மெயிலில் அனுப்பலாம், செய்தவள் போன பிறகும் திறக்கும். ‘தி க்ரூ’ டிஸ்க் பளபளப்பாக இருக்கிறது, ஓடாது. முதலாவதுதான் கேசட்டின் வாரிசு.

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை. இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மிஞ்சிய 13 சதவீதத்தில் எவை இருக்கும் என்று யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மாரியோவை மறுபடி மறுபடி விற்பார்கள். சிறுமிகள் ஊர் சுற்றிப் பார்க்கும் கேமை எந்த நிறுவனமும் மறுபதிப்புச் செய்யப்போவதில்லை. அதற்கு யாரிடமாவது ஒரு சிடி இருக்க வேண்டும்.

2025 கோடையில் நடந்த ஒன்றையும் பேசாமல் விட முடியாது. அது பெண்கள் பெயரிலேயே நடந்தது. அந்த ஏப்ரலில் ‘நோ மெர்சி’ என்றொரு கேம் ஸ்டீமில் வந்தது. பெண்களை வன்புணர்வதே அதன் விளையாட்டு. எதிர்ப்புக்குப் பிறகு அது நீக்கப்பட்டது. அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் என்னிடம் இல்லை. ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் என்ற பிரசார அமைப்பு அதோடு நிற்கவில்லை. ஜூலையில், இப்படிப்பட்ட கேம்களுக்குப் பணம் செலுத்த வழி தராதீர்கள் என்று கார்டு நிறுவனங்களுக்கும் பணப் பரிவர்த்தனை நிறுவனங்களுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதியது. அழுத்தம் கடைகளின் மேல் இறங்கியது. ஸ்டீம் விதிகளை மாற்றிப் பல கேம்களை நீக்கியது. சின்னச் சின்னப் படைப்பாளிகள் புழங்கும் இட்ச் தளம், வயதுவந்தோருக்கானவை என்று குறிக்கப்பட்ட எல்லாவற்றையும் முன்னறிவிப்பின்றித் தேடலிலிருந்து எடுத்துவிட்டது. வன்முறையைக் காசாக்கிய குப்பையும், தன் உடலைப் பற்றித் தானே பேச முயன்ற பெண்களின், தன்பாலீர்ப்பாளர்களின், திருநர்களின் கேம்களும் ஒரே கூடையில் விழுந்தன. இலவசமாகக் கொடுத்தவற்றைச் சில நாள் கழித்துத் தேடலில் திரும்பச் சேர்த்தார்கள்.

அந்தக் கடிதத்தை எழுதிய பெண்களின் கோபம் எனக்குப் புரிகிறது. எங்கே போய் முறையிட்டார்கள் என்பதுதான் புரியவில்லை. நமக்கு எழுதப்பட்ட விதிகள் வேண்டும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைப்பு வேண்டும், மேல்முறையீடு வேண்டும். அதற்குப் பதிலாக, யாருக்கும் பதில் சொல்லாத வீட்டுக்காரரிடம் போய்ப் பக்கத்துப் போர்ஷன்காரனைத் துரத்தச் சொன்னார்கள். அவர் சாவியைத் திருப்பினார். மொத்த மாடியும் பூட்டிக்கொண்டது. அந்த வாரம் பலர் செய்த வேலை என்ன தெரியுமா? தங்களிடமிருந்த ஃபைல்களைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். இட்ச்சில் வாங்குபவை பெரும்பாலும் பூட்டு இல்லாத ஃபைல்களாக வரும். ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்களிடம் அவை அப்படியே இருந்தன.

நான் இப்போது இரண்டு காரியம் செய்கிறேன். பூட்டு இல்லாத ஃபைலாகக் கிடைக்கும் கேமை அப்படியே வாங்கி, ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, லேபிள் ஒட்டி வைக்கிறேன். பெண்கள் செய்த சின்னக் கேம்களை முதலில் வைக்கிறேன். பெரியவற்றைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. இரண்டாவது, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன்.

பிரிவினையில் என் பங்குக்கு வந்த நான்கு டிஸ்க்கில் ஒன்று ‘மாஸ் எஃபெக்ட் 3’. அட்டைத் தாளை எப்போதோ திருப்பிப் போட்டுவிட்டேன்; வெளியே தெரிவது பெண் ஷெப்பர்டு. பொறியியல் படிக்கும் மாடிவீட்டுப் பெண் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, இவள்தான் ஹீரோவா அக்கா என்றாள். உன் இஷ்டம் என்றேன். அவளிடம் மெஷின் இல்லை. பழைய கன்சோலையும் வயர்களையும் டிஸ்க்கையும் ஒரு கட்டைப் பையில் போட்டுக் கொடுத்தேன். படிக்கட்டில் மூன்று முறை நின்று நின்று தூக்கிக்கொண்டு போனாள். ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அவள் தோழி வீட்டில் இருப்பதாக நேற்று சொன்னாள்.